விளையாட்டுச் சமாதிக்கு மரியாதை வேண்டுமா?

பழனி தாலுகா பாலசமுத்திரத்திலிருந்து சில இளைஞர்கள் நமக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கின்றார்கள். செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் உலகத்தின் நாலா பக்கத்து மனிதர்களும் ஒன்றுகூடி ஆடுகின்ற ஆட்டங்களில், கூட ஆடிய ஒருவர் இறந்துபோனால், அவருடைய சிநேகிதர்கள் அந்த ஆட்டத்துக்குள்ளேயே ஒரு சமாதி கட்டுவதும், நாள் குறித்து அங்கு கூடி நின்று அஞ்சலி செய்வதும் வழக்கமாக இருக்கின்றது. "திவசம், தர்ப்பணம், கருமாதி ஒன்றும் வேண்டாம் என்று சொல்லுகின்ற நாம் இந்தப் பொம்மைச் சமாதிக்கு மாத்திரம் எதற்காக மரியாதை காட்ட வேண்டும்? எதிர்க்கட்சிக்காரன் அங்கு நின்றால் சுட்டுத் தள்ளுவதில் என்ன தப்பு?" என்று அவர்களில் ஒரு சாராரும், "அது மனுஷத்தன்மையல்ல" என்று மற்றொரு சாராரும் வாதாடி, முடிவு காணாமல் நம் அபிப்பிராயத்தைக் கேட்கின்றார்கள்.

வயது முதிர்ந்த வாசகர்களில் சிலர் இதைப் பார்த்தவுடன், "பிள்ளைகள் செல்போனில் சுட்டு விளையாடுவதற்கெல்லாமா பத்திரிகையில் இடம்?" என்று முகம் சுளிக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. சீட்டுக்கட்டு ஆடுகிற இடத்திலும், கபடி ஆடுகிற இடத்திலும் மனிதனுடைய யோக்கியதை எப்படி வெளியாகின்றதோ அப்படியே இங்கும் வெளியாகின்றது. பணம் கட்டி ஆடுகின்ற ரம்மி முதலிய சூதைப் பற்றி நாம் இங்கு பேசவில்லை. அதற்கு 2025-இல் மத்திய அரசாங்கம் தனியாக ஒரு சட்டமே செய்திருக்கின்றது. நாம் பேசுவது, ஒருவரையொருவர் முகம் பார்த்திராத ஆயிரக்கணக்கானவர்கள் வருஷக்கணக்காகச் சேர்ந்து ஆடி, அதனால் சிநேகிதர்களாகவும் ஆகிவிடுகின்ற ஆட்டங்களைப் பற்றித்தான்.

முதலில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகின்றோம். 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்று ஒரு ஆட்டம். அதில் ஆடுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருப்பார்கள். சில களங்களில் ஒரு கட்சிக்காரன் மற்றக் கட்சிக்காரனை எந்த நேரத்திலும் தாக்கலாம் என்பது விதி. 2006-ஆம் வருஷம் அப்படிப்பட்ட ஒரு களத்தில் ஆடிவந்த ஒருவர் நிஜ வாழ்க்கையிலேயே இறந்துபோனார். நேரில் சென்று சவத்தைப் பார்க்க முடியாத தூரத்தில் இருந்த அவருடைய கூட்டாளிகள், ஆட்டத்துக்குள்ளேயே ஒரு அஞ்சலி நடத்தத் தீர்மானித்தார்கள். இறந்தவருக்கு மீன் பிடிப்பதும் பனியும் பிடிக்கும் என்பதற்காக, பனிப் பிரதேசத்தில் ஒரு ஏரிக்கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். இடத்தையும் நேரத்தையும் எல்லோருக்கும் தெரியும்படி எழுதிப் போட்டு, "தயவு செய்து தொந்தரவு செய்யாதீர்கள்" என்றும் கேட்டுக்கொண்டார்கள். எதிர்க்கட்சியில் ஒரு கோஷ்டியார் என்ன செய்தார்களென்றால், அந்த அறிவிப்பையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு படை திரட்டி வந்து, அஞ்சலிக்காக வரிசையில் நின்றவர்களை ஒருவர் மிச்சமில்லாமல் வெட்டிச் சாய்த்தார்கள். அத்தோடு விடவில்லை. அதை வீடியோவாக எடுத்து, பாட்டுச் சேர்த்து, ஊர் உலகமெல்லாம் பார்த்துச் சிரிக்கும்படி வெளியிட்டார்கள்.

இது நடந்து இவ்வளவு வருஷங்களாகியும் அந்த ஆட்டக்காரர்களுக்குள் வாதம் ஓய்ந்தபாடில்லை. தாக்கினவர்களுக்காகப் பேசுகிறவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. விதிப்படி அந்த இடத்தில் யாரையும் தாக்கலாம் என்பது ஒன்று. சண்டைக்களம் என்று தெரிந்தும் இடத்தையும் நேரத்தையும் விளம்பரம் செய்தவர்கள் புத்தியில்லாதவர்கள் என்பது மற்றொன்று. செத்தவருக்கு இதனால் ஒன்றும் நஷ்டமில்லை, திரையில் தெரிவது வெறும் பொம்மை என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் பாலசமுத்திரத்துத் தோழர்களில் ஒரு சாரார் பகுத்தறிவின் பேரால் சொல்லுகின்றார்கள். ஆதலால் அதையே முதலில் எடுத்துக்கொள்ளுவோம்.

செத்தவருக்கு நஷ்டமில்லை என்பது வாஸ்தவம். ஆத்மா என்பதாக ஒன்று எங்கோ உட்கார்ந்துகொண்டு, நம் சமாதிக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கெடுத்துக் கொண்டிருப்பதாக நாம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அதிலிருந்து "ஆகவே எதையும் செய்யலாம்" என்கிற முடிவு எப்படி வரும் என்று கேட்கின்றோம். செத்தவருக்கு நன்மையும் செய்ய முடியாது, தீமையும் செய்ய முடியாது என்றால், அந்தச் சமாதியின் முன் நிற்கிறவர்களில் நன்மை தீமை அடையக்கூடியவர்கள் யார்? உயிரோடு இருக்கிறவர்கள்தான். அப்படியிருக்க, அடி விழுந்தது பொம்மையின் மேல் அல்ல. பொம்மைக்குப் பின்னால் எங்கோ ஒரு வீட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதன் மேல் விழுந்திருக்கின்றது. ஆத்மா உண்டு என்று நம்புகிறவனாவது, "செத்தவர் சாந்தியடைந்துவிட்டார், பரவாயில்லை" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆத்மா இல்லை என்கிற நமக்கு அந்தச் சாக்குக்கூட இல்லை.

திவசத்தை நாம் ஏன் கண்டிக்கின்றோம்? அழுகிறவர்களைக் கண்டிக்கின்றோமா? இல்லவே இல்லை. அழுகிறவனுடைய அழுகையைக் காசாக்கிக்கொண்டு, "உன் தகப்பன் பசியாக இருக்கின்றான், அரிசி கொடு, வெயிலில் நடக்கின்றான், செருப்பும் குடையும் கொடு" என்று ஏய்க்கின்ற புரோகிதத்தைக் கண்டிக்கின்றோம். செத்தவன் பேரால் கடன் வாங்கிப் பந்தல் போட்டு, உயிரோடிருக்கிற பிள்ளைகளைப் பட்டினி போடுவதைக் கண்டிக்கின்றோம். அந்த ஏரிக்கரையில் நின்றவர்களில் புரோகிதன் யார்? யாரிடம் யார் காசு கேட்டார்கள்? யாருக்கு மோட்சம் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள்? ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, சும்மா நின்றார்கள். இதைப் போய் வெட்டிவிட்டு, மூடநம்பிக்கையை ஒழித்தோம் என்று ஒருவன் சொல்லுவானேயானால், அவனுக்கும் பகுத்தறிவுக்கும் உள்ள சம்பந்தம் இன்னதென்று நமக்கு விளங்கவில்லை.

இனி, விதி. "விதியில் இடமிருக்கின்றது" என்பது உலகத்திலேயே மிகப் பழைய சாக்கு. ஆட்டத்தை நடத்துகிற கம்பெனி தடுக்கவில்லை என்பதால் அது யோக்கியமான காரியமாகிவிடாது. நம் ஊர் விஷயத்தையே பாருங்கள். செத்துப்போன கபடிக்காரர் பேரால் நினைவுக்கோப்பை நடத்துகின்றார்கள். படத்தை ஒரு நாற்காலியில் வைத்து, ஆட்டம் தொடங்குமுன் இரண்டு கட்சியாரும் ஒரு நிமிஷம் தலைகுனிந்து நிற்கின்றார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு பாய்ந்து, நிற்கிறவனைத் தொட்டுவிட்டு, "பாயிண்ட் எனக்கு" என்று சொன்னால் ஊரார் என்ன சொல்லுவார்கள்? விதிப்புஸ்தகத்தைப் புரட்டிக்கொண்டா இருப்பார்கள்? நிஜமான யுத்தத்திலேயே, 1914-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் சமயத்தில், பிரான்சு, பெல்ஜிய எல்லைகளில் பதுங்குகுழிகளில் கிடந்த ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் சில இடங்களில் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, நடுவில் கிடந்த பிணங்களைப் புதைத்தார்கள். எதிரியின் பிணத்தையும் கௌரவமாக அடக்கம் செய்ய வேண்டும், கல்லறையை மதிக்க வேண்டும் என்று 1949-ஆம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தத்தில் எழுதியே வைத்திருக்கின்றார்கள். மெய்யாகவே கொல்லுகிறவர்களுக்கு இருக்கிற நிதானம், பொய்யாகக் கொல்லுகிறவர்களுக்கு இருக்கக்கூடாதா?

விளம்பரம் செய்தவர்கள் புத்தியில்லாதவர்கள் என்பதற்கு அதிகம் பதில் வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்தவன் ஏமாளி என்றே வைத்துக்கொண்டாலும், நுழைந்தவன் திருடனல்லாமல் போய்விட மாட்டான்.

ஆனாலும் அந்தத் தாக்குதலில் நமக்கு அதிகக் கசப்பாயிருப்பது வெட்டினது அல்ல. அந்த ஆட்டத்தில் வெட்டுப்பட்டவன் அடுத்த சில நிமிஷங்களில் எழுந்துகொள்ளுவான். சண்டைக்களத்துக்கு வந்தவன் வெட்டுப்பட ஒருவாறு சம்மதித்துத்தான் வருகின்றான். அடுத்தவன் துக்கத்தை வீடியோவாக்கி ஊருக்கு வேடிக்கை காட்டினதற்கு அவன் எப்போது சம்மதித்தான்? நம் ஊர்களில் விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறவனைத் தூக்காமல் செல்போனை நீட்டிப் படம் பிடிக்கிறவர்கள் இருக்கின்றார்களே, அவர்களும் இந்தக் கோஷ்டியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான்.

"வெறும் பொம்மைதானே" என்கிற வாதத்துக்கு இன்னொரு பதிலும் உண்டு. 2018-ஆம் வருஷம் மார்ச்சில் திரிபுராவில் லெனின் சிலையைச் சாய்த்தார்கள். மறுநாளே நம் திருப்பத்தூரில் பெரியார் சிலையை உடைத்தார்கள். நாமெல்லோரும் கொதித்தோம். கல்லுக்கு உயிர் இருக்கின்றது என்று நினைத்தா கொதித்தோம்? அதைப் போலவே, முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்காக யாழ்ப்பாணம் பல்கலைக்கழகத்தில் இருந்த நினைவுத்தூணை 2021-ஆம் வருஷம் ஜனவரி 8-ந் தேதி இரவில் அதிகாரிகள் இடித்தார்கள். மாணவர்கள் பட்டினி கிடந்தார்கள். மூன்றாம் நாளே மறுபடி அடிக்கல் வைக்க நேர்ந்தது. ஏப்ரலில் தூண் திரும்ப எழுந்துவிட்டது. அது வெறும் கல் என்றால் ராத்திரியில் மண்வாரி யந்திரத்தைக் கொண்டுவந்து இடிப்பானேன்? இடிக்கிறவனுக்குத் தெரியும், தான் இடிப்பது கல்லையல்ல, எதிரில் நிற்கிறவனுடைய நெஞ்சையென்று. ஏரிக்கரைக்கு வந்த கோஷ்டிக்கும் அது தெரியும். தெரியாதிருந்தால் அவ்வளவு பேர் வேறு வேலையை விட்டுவிட்டு அங்கு வந்திருக்க மாட்டார்கள்.

நிற்க, மரியாதை வேண்டும் என்று சொன்னதை ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டு, எல்லாச் சமாதியும் என்றைக்கும் தொடக்கூடாத புண்ணிய ஸ்தலம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இதற்குப் பாலசமுத்திரத்தார் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் பொருந்தல் இருக்கின்றது. அங்கே 2009, 2010-ஆம் வருஷங்களில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. ராஜன் பழைய கல்லறைகளைத் தோண்டினார். ஒரு கல்லறையில் ஒரு ஜாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் இருந்தது. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஒரு தாங்கியும் அங்கே கிடைத்தது. நெல்லைப் பரிசோதித்ததில் காலம் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு என்று வந்தது. செத்தவன் சாப்பிடுவான் என்று யாரோ ஒருவர் அழுதுகொண்டே அந்த நெல்லை வைத்திருப்பார். செத்தவன் ஒரு மணிகூட எடுத்துக்கொள்ளவில்லை. 2,000 வருஷத்துக்கு மேல் கழித்து அப்படியே பேராசிரியர் கையில் வந்து சேர்ந்தது. பிண்டம் யாருக்குப் போய்ச் சேருகின்றது என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமா?

அந்தக் கல்லறையைத் தோண்டியது அவமரியாதையா என்று கேட்டால், இல்லை என்றே சொல்லுவோம். அந்தச் சாவுக்கு அழுகிறவர் இன்று ஒருவரும் இல்லை. தோண்டினவர் எழுத்தையும் பயிரையும் பற்றி நமக்குப் புத்தி கொடுத்தார். அதே மலையில் மேலே ஏறினால் தாண்டிக்குடிப் பக்கத்தில் கற்திட்டைகள் இருக்கின்றன. ஆங்கிலேடு, நியூட்டன் என்ற இரண்டு பாதிரிமார் பழனி மலைக் கற்திட்டைகளைப் பற்றி எழுதிய புஸ்தகத்தைத் தொல்பொருள் இலாகாவார் 1928-லேயே வெளியிட்டிருக்கின்றார்கள். இப்படிப்பட்ட கற்திட்டைகளைப் புதையல் இருக்கின்றதென்று புரட்டுகிறவர்களும், பலகைக்கல்லுக்காகப் பெயர்த்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பேராசிரியரும் கல்லைப் புரட்டினார், இவர்களும் கல்லைப் புரட்டுகின்றார்கள், இரண்டும் ஒன்றாகிவிடுமா? ஆகவே யார் மனம் நோகின்றது, எதற்காகத் தொடுகின்றோம் என்பதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டுமேயொழிய, 'சமாதி' என்கிற பேரைக் கேட்டவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

ஆட்டச் சமாதிக்கும் இதுவேதான். ஆட்டக்களம் எல்லோருக்கும் பொது. ஒரு மணி நேரம் ஒதுங்கி நிற்கச் சொன்னால் நிற்கலாம். இந்த ஏரி இனி எங்கள் தலைவருடைய ஏரி, இங்கு யாரும் மீன் பிடிக்கக்கூடாது, வருகிறவனெல்லாம் கும்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஆரம்பித்தால், அதையும் நாம் கண்டிப்போம். இன்றைக்குப் பூ வைப்பார்கள், நாளைக்குத் தேங்காய் உடைப்பார்கள், மறுநாள் ஒரு உண்டியல் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த நாட்டில் மைல்கல்லுக்கு மஞ்சள் பூசின கதையெல்லாம் நாம் பார்த்ததுதானே! கும்பிட மாட்டேன் என்று ஒருவன் சும்மா ஒதுங்கிப் போனால் அவனை ஏசுவதற்கு யாருக்கும் பாத்தியதை கிடையாது. அவமதிக்காதே என்பது வேறு. ஆராதி என்பது வேறு.

அவமதியாமல் இருப்பது கஷ்டமான காரியமுமல்ல. 2012-ஆம் வருஷம் லிபியா தேசத்துப் பெங்காசியில் அமெரிக்க ஸ்தானிகராலயம் தாக்கப்பட்டபோது கொல்லப்பட்ட ஷான் ஸ்மித் என்கிற உத்தியோகஸ்தர், 'ஈவ் ஆன்லைன்' என்கிற விண்வெளி ஆட்டத்தில் பேர்பெற்ற ஆட்டக்காரர். சூதுக்கும் துரோகத்துக்கும் கொள்ளைக்கும் பேர்போன ஆட்டம் அது. அப்படியிருந்தும் அவர் செத்த செய்தி வந்தவுடன், அவருடைய கட்சிக்காரர்கள் மாத்திரமல்லாமல் எதிர்த்து நின்றவர்களிலும் பலர் தங்கள் விண்வெளி நிலையங்களுக்கு அவர் பேரை வைத்தார்கள். மறுநாள் சண்டை வழக்கம்போல நடந்தது. ஜப்பானியச் சித்திரக்கதை ஆசிரியர் கெந்தாரோ மியூரா 2021-இல் இறந்தபோது, 'ஃபைனல் ஃபேண்டஸி' ஆட்டக்காரர்கள் பல தேசங்களிலிருந்தும் கறுப்புக் கவசம் பூண்டு தெருநெடுக வரிசையாக நின்றார்கள். ஒரு காசு செலவில்லை. பார்ப்பதற்கு நாள், நட்சத்திரம், ராகுகாலம் ஒன்றுமில்லை.

எல்லாவற்றிலும் நம் மனதைத் தொட்டது நார்வே தேசத்து இளைஞர் ஒருவருடைய விருத்தாந்தம். அவர் தசை சிதைந்துபோகிற நோயால் சக்கர நாற்காலியில் கிடந்து, 25-ஆவது வயதில், 2014-இல் இறந்தார். பிள்ளை சிநேகிதரில்லாமல், காதலில்லாமல், ஒன்றுமில்லாமல் ஒரு அறைக்குள் ஆட்டம் ஆடியே போய்விட்டானே என்று தாய் தகப்பனார் அழுதுகொண்டு, இறந்த செய்தியை அவருடைய இணையப் பக்கத்தில் எழுதிப் போட்டார்கள். அதன்பிறகு தேசாந்தரங்களிலிருந்து கடிதத்துக்குமேல் கடிதம் வர ஆரம்பித்தது. வார்கிராஃப்ட் ஆட்டத்தில் இபலின் என்ற பேரில் அவர் எத்தனையோ பேருக்குத் தைரியம் சொல்லி, சண்டை தீர்த்து, உபகாரம் செய்திருந்தது அப்போதுதான் பெற்றவர்களுக்குத் தெரிந்தது. அவருடைய கூட்டாளிகள் வருஷாவருஷம் ஆட்டத்துக்குள் அவர் நினைவாகக் கூடுகின்றார்கள். 2024-இல் இது படமாகவும் வந்தது. ஆட்டக் கம்பெனியார் அதே வருஷம் ஒரு நரிக்குட்டிப் பொம்மையை ஆட்டத்துக்குள் விற்று, வந்த பணத்தை அந்த நோய்க்கு மருந்து தேடுகிற ஸ்தாபனத்துக்குக் கொடுத்தார்கள். இதிலும் கம்பெனிக்கு விளம்பரம் உண்டு என்பது நமக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் அரிசியும் குடையும் போய்ச் சேருகிற இடத்தை நினைத்துப் பார்த்தால், இந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடம் எவ்வளவோ மேலானது.

இதில் ஒரு விசேஷம் கவனியுங்கள். அந்த வரிசைகளில் நின்றவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் எந்த ஜாதி, எந்த மதம், எந்த நிறம் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. நம் நாட்டிலோ பொய்ச் சமாதிக்கு மரியாதை உண்டா என்று வாதம் நடக்கின்றது, மெய்ப் பிணத்துக்கு வழி கிடையாது! 2019-ஆம் வருஷம் ஆகஸ்டில் வாணியம்பாடிப் பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகிற பாதையை மேல்ஜாதியார் நிலம் அடைத்துக்கொண்டதால், ஒரு ஆதிதிராவிடருடைய பிணத்தைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். படத்தை உலகமெல்லாம் பார்த்தது. சென்னை ஹைக்கோர்ட்டே தானாக முன்வந்து கேள்வி கேட்டது. ஏரிக்கரையில் வெட்டினவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று திட்டுகின்ற நம் இளைஞர்கள், தங்கள் தங்கள் ஊரில் எத்தனை சுடுகாடு இருக்கின்றது, எதற்காக ஒன்றுக்குமேல் இருக்கின்றது என்று ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். ஆட்டத்தில் வெட்டினவர்களாவது செத்தவருடைய ஜாதியைக் கேட்டு வெட்டவில்லை.

மற்றபடி, தோழர்கள் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கும் சில்லறைச் சந்தேகங்களுக்கும் பதில் சொல்லிவிடுகின்றோம். பப்ஜி வகையைச் சேர்ந்த ஆட்டங்களில் அஞ்சலி செய்ய முடியுமா என்றால், வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிற இடத்தில் தலைகுனிந்து நிற்பதற்கு நேரமேது? கட்டடம் கட்டுகிற வகை ஆட்டங்களில் சௌகரியமாகச் செய்யலாம். கூடுமிடத்தில் சண்டை இல்லாத களம் கிடைக்குமானால் அதைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். கிடைக்காவிட்டால் எதிர்க்கட்சித் தலைவனுக்கே முன்கூட்டிச் சொல்லி, அரை மணி நேரம் அவன் ஆட்களையும் வந்து நிற்கச் சொல்லலாம். முக்கால்வாசிப் பேர் வருவார்கள். சூடம், ஊதுபத்தி, மந்திரம் எழுதிய பலகை ஒன்றும் வேண்டாம். செத்த தோழரைப் பற்றித் தெரிந்தவர்கள் நாலு வார்த்தை பேசினால் போதும். இதெல்லாம் இருக்கும்போது விஷயம் தெரியாத ஒருவன் நடுவில் வந்து சுட்டுவிட்டால், அவனைக் காட்டிக்கொடுத்து, ஏசி, ஊர் திரட்ட வேண்டியதில்லை. அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.